ஐந்து எழுத்து, இருபது ஒலி: பிள்ளைக்கு ஆங்கில உயிரொலி பழக்க ஒரு வழிகாட்டி

மன்னார்க் கரையோர ஊரான அரிப்பில் தரம் 3க்குப் போகும் பிள்ளைக்குத் தமிழில் 12 உயிரெழுத்தும் அத்துப்படி. எழுத்தைக் கண்டால் ஒலி தானாக வரும். ஆங்கிலத்திலோ உயிரெழுத்து 5, பிரித்தானியப் பேச்சில் உயிரொலி ஏறத்தாழ 20. பிள்ளை தடுமாறுவது மந்தத்தால் அல்ல.

முதற்படி: கொப்பியை மூடுங்கள்

பள்ளிக்கூடத்திலும் முதல் இரண்டு வருடம் பேச்சு ஆங்கிலம்தான். கரையில் கண்ணில் படுவதையே கேளுங்கள். “ஃபிஷ், நடுவில என்ன கேட்குது?” இ. நெட்? எ. சன்? அ. பொட்? ஒ.

இரண்டாம் படி: தமிழில் இல்லாத ஒலி

எழுதும் ‘பென்’ சுலபம். மீன் பொரிக்கும் தட்டைச் சட்டியின் ஆங்கிலப் பெயரில்தான் சிக்கல். பிள்ளையின் கையை அதன் நாடிக்குக் கீழே வைத்து ‘எ’ சொல்லச் சொல்லுங்கள். நாக்கு முன்னாலேயே நிற்க, நாடியை நன்றாக இறக்கினால் அந்த ஒலி வந்துவிடும். அதைத் தமிழில் எழுதிக்காட்ட எனக்கும் வழியில்லை. ஆகவே ஆங்கிலச் சொல்லின் மேல் தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: ஊர்ப்பலகை

பலகையில் அரிப்பு என்பதன் ஆங்கில வடிவத்தைக் காட்டுங்கள். ஏ, ஐ, யூ என்ற எழுத்துகள் அங்கே அ, இ, உ என ஒலிக்கின்றன. மன்னாரில் அதே ஏ முதலில் அ, பிறகு ஆ. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பது பிடிபடும். ஒரு எச்சரிக்கை: பலகையில் உ ஆன அந்த யூ, ‘சன்’ என்ற சொல்லில் அ ஆகிவிடும். ஊர்ப்பெயரின் கணக்கை ஆங்கிலச் சொல்லுக்குப் போடக்கூடாது.

நான்காம் படி: வாய் திறவாத ஈ

கிட் என்பதன் கடைசியில் ஈ எழுத்தைச் சேர்த்தால் கைட். நொட், நோட் ஆகும். கட், கியூட் ஆகும். ஈ ஒலிக்காது, முன்னால் நிற்கும் உயிரெழுத்தைத் தன் பெயரையே சொல்ல வைக்கும். ‘கம்’ போன்ற விலக்குகளை ஆறுதலாகப் பிறகு பார்க்கலாம்.

“ஏன் அப்படி?” என்று கேட்டால்

இங்கிலாந்துக்கு அச்சு 1476இல் வந்தது. எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, நெட்டுயிர்களின் உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது. கண்டி அரசில் ஏறக்குறைய இருபது வருடம் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் தப்பி, 1679இல் நம் அரிப்பின் ஒல்லாந்தக் கோட்டைக்கு வந்தபோதுகூட அவருடைய மொழிக்கு எழுத்துக்கூட்டல் முழுதாக நிலைக்கவில்லை. சாமுவேல் ஜோன்சனின் ஆங்கில அகராதி வந்ததே 1755இல்தான்.

சொல்வதெழுதுதல்

ஒரு நாளைக்கு ஒரே ஒலியில் நாலைந்து சொல் போதும். பிள்ளை ‘கைட்’டில் ஈயை விட்டுவிட்டால் சிவப்பால் வெட்டாதீர்கள், எழுதியதை எழுதியபடியே வாசிக்கச் சொல்லுங்கள். ‘கிட்’ என்று வாசித்ததும் பிள்ளையே ஈயைப் போட்டுவிடும்.