கடைக் கம்ப்யூட்டருக்குக் கேம் கார்டு போடுமுன்: பவர் சப்ளை பார்த்து வாங்குவது எப்படி?



2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து தொரப்பள்ளி, பாகலூர், சூளகிரி என்று நம் பக்கத்துச் சிறிய கடைகளுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பகலில் பில் போடுகிறோம், மாலையில் வரவு செலவு ஏற்றுகிறோம். கடை அடைத்த பிறகு பிள்ளைகள் அதிலேயே விளையாடுகிறார்கள். அதில் ஒன்றும் தப்பில்லை. "அப்பா, ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கிப் போட்டால் போதும்" என்று பையன் கேட்கும்போதுதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கார்டுக்கு மின்சாரம் கொடுக்கப் போவது, பில் போடுவதற்கென்று பெட்டியோடு சேர்ந்து வந்த மலிவான பவர் சப்ளை. கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்வது இதைத்தான்.

இது கெட்டுப்போனால் தான் மட்டும் போகும் என்று நினைக்க வேண்டாம். மட்டமான சரக்காக இருந்தால் போகிற போக்கில் போர்டையும் ஹார்டு டிஸ்கையும் சேர்த்துக்கொண்டு போய்விடும். டிஸ்க்கில் இருப்பது விளையாட்டு மட்டுமல்ல, நம் பேரேடும் இருக்கிறது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36வது பிரிவு சொல்கிறது. டிஸ்க் எரிந்துவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுப்பதுதான் பவர் சப்ளையின் வேலை. இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டில்தான் மின்சாரம் எடுக்கின்றன. மற்ற இரண்டுக்கும் வேலை கொஞ்சம்தான். ஆகவே டப்பா மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்துக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்குங்கள்: 192 வாட். அவ்வளவுதான் உருப்படியான சரக்கு. நல்ல 550 வாட் சப்ளையில் அதே இடத்தில் 45 ஆம்பியர் இருக்கும், அதாவது 540 வாட். மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா? சாக்கையும் சேர்த்து நிறுத்து விற்பவன் எல்லாத் தொழிலிலும் இருக்கிறான்.

எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்டெல் ஐ5-12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட் வரை எடுக்கும். என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட். போர்டு, டிஸ்க், விசிறி எல்லாம் சேர்த்து ஐம்பது என்று வைத்தால் மொத்தம் 340 வாட் அருகில் வருகிறது. ஆனால் இந்தக் கார்டுக்கு 550 வாட் சப்ளை வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. விற்பனைக்காகச் சொல்லும் வார்த்தையில்லை இது. விளையாட்டு சூடு பிடிக்கும்போது கார்டு ஒரு கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தன் அளவை மீறி மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்க இடம் வேண்டும். கார்டு இல்லாத பில்லிங் கம்ப்யூட்டர் பெரும்பாலும் நூறு வாட்டுக்குள் ஓடும். அதனால்தான் மட்டமான சப்ளைகூட வருடக்கணக்கில் பழுதில்லாமல் ஓடி, "நல்லாத்தானே இருக்கு" என்று நம்மை நம்ப வைத்துவிடுகிறது.

அடுத்தது '80 பிளஸ்' முத்திரை. பிரான்ஸ், சில்வர், கோல்டு என்று வரிசை உண்டு. பலர் இதைத் தர முத்திரை என்றே நினைக்கிறார்கள். இது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை, அவ்வளவே. 20, 50, 100 சதவீதச் சுமையில் குறைந்தது 80 சதவீதம் பயனாக வேண்டும் என்பது அடிப்படை விதி. 300 வாட் சுமையில் 85 சதவீதம் தருவது சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும், 90 சதவீதம் தருவது 333 வாட் எடுக்கும். நாளைக்கு ஐந்து மணி நேரம் விளையாடினாலும் மாதம் மூன்று யூனிட்தான் வித்தியாசம். கரண்ட் பில் மிச்சமாகும் என்று யாராவது கோல்டு விற்க வந்தால் சிரித்துக்கொள்ளலாம்.

முத்திரை வேறு, பத்திரம் வேறு என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு உலகமெங்கும் கடும் தட்டுப்பாடு வந்த 2020, 2021ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் நியூஎக் என்ற கம்பெனி கார்டு வேண்டுமானால் கூடவே ஜிகாபைட் பவர் சப்ளையும் வாங்க வேண்டும் என்று சேர்த்துக் கட்டி விற்றது. ஓடாத சோப்பை எடுத்தால்தான் ஓடுகிற சோப்பு தருவேன் என்று ஏஜென்சிக்காரர் நம் தலையில் கட்டுவதில்லையா, அதே வித்தை. பி750ஜி.எம்., பி850ஜி.எம். என்ற அந்த இரண்டு மாடலுக்கும் கோல்டு முத்திரை இருந்தது. வாங்கியவர்கள் புகார் செய்யவே, கேமர்ஸ் நெக்ஸஸ் என்ற அமெரிக்க நிறுவனம் சோதித்துப் பார்த்தது. அதிகச் சுமையில் சில வெடித்தே போயின. 2021 ஆகஸ்டில் ஜிகாபைட் ஒரு விளக்கம் கொடுத்தது. சுமை எல்லை மீறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பை முன்பு 120 முதல் 150 சதவீதத்தில் வைத்திருந்ததாகவும், அதை 110 முதல் 120 ஆகக் குறைத்துவிட்டதாகவும் கூறி, குறிப்பிட்ட வரிசை எண் உள்ளவற்றை மாற்றித் தருவதாக அறிவித்தது. 750 வாட் பெட்டி 1125 வாட் வரை அணையாமல் இருக்கலாம் என்றால், ஒரு டன் வண்டியில் ஒன்றரை டன் ஏற்றும் வரை யாரும் தடுக்கவில்லை என்று அர்த்தம். பெரிய கம்பெனிப் பெயரும் கோல்டு முத்திரையும் இருந்தும் இது நடந்தது.

பிறகு எதை நம்புவது? அதிகச் சுமை, அதிக வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், அதிகச் சூடு ஆகிய நான்குக்கும் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியவாட்டை எத்தனை டிகிரி வெப்பத்தில் தரும் என்பதையும் பாருங்கள். 25 டிகிரியில் சோதித்த சரக்கு ஓசூர் குளிருக்குச் சரிப்படலாம், மலையிறங்கிக் கிருஷ்ணகிரியில் சித்திரை வெயிலுக்கு உதவாது. 40 அல்லது 50 டிகிரி என்றிருப்பதே மேல். எல்லாவற்றுக்கும் மேலாக வாரன்டி. ஒரு வருடம் தருபவர்கள் உண்டு, ஐந்து, ஏழு, பத்து வருடம் தருபவர்களும் உண்டு. தன் சரக்கைத் தானே எத்தனை வருடம் நம்புகிறான் என்பதை இதைவிட நேராக எந்தக் கம்பெனியும் சொல்லாது. அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போனாலும், சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருகிறேன் என்பார்கள். பில் இல்லையென்றால் வாரன்டியும் இல்லை. இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பிள்ளைகள் விளையாட்டுக்காக வாங்கியதற்கு உள்ளீட்டு வரி எடுக்கக் கூடாது, கடைக் கணக்கில் நுழைக்க வேண்டாம்.

யு.பி.எஸ். விஷயத்திலும் அதே மொத்த எடை, நிகர எடைக் கதைதான். நம் கடைகளில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன 340 வாட் கம்ப்யூட்டர் சுவரிலிருந்து 400 வாட் எடுக்கும், மானிட்டர் தனி. விளையாட்டின் நடுவே கரண்ட் போனால் யு.பி.எஸ்.ஸும் கைவிடும். 600 வாட் தரும் 1000 வி.ஏ. வேண்டும். பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தால் பின்னால் உள்ள சுவிட்சை 'யு.பி.எஸ்.' பக்கம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் மாறும் இடைவெளியைப் பவர் சப்ளை தாங்காது.

மளிகைக் கடைக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. ராகி மாவு, மிளகாய்த் தூள், சாக்கு நூல் எல்லாம் பவர் சப்ளை விசிறி வழியாக உள்ளே போய்ப் படியும். படிந்த தூசியில் சூடு ஏறும். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, வெளியிலிருந்து ஊதிவிடுங்கள். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வைப்பது நல்லது.

மாற்றுகிற நாளன்று முதலில் கணக்கையெல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டும் வகைக் கேபிள் என்றால், பழைய சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், போட்ட மாத்திரத்தில் டிஸ்க் போய்விடும். கழற்றிய பழையதை என்ன இருக்கிறதென்று பார்க்கப் பிள்ளைகள் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கன்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும்.