பின்னல் ஊசியும் அளவுத் தகடும்

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, குடிநீர், தெரு விளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், பகல் வேலை முடிந்தபின் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் ஒரு குடும்பப் பெண் விரும்பிச் செய்யும் கைவேலைக்கும் கிராம வாழ்வில் ஓர் இடம் உண்டு. திண்டுக்கல் சமவெளியிலுள்ள ஊர்களில் மகளிர் குழுக் கூட்டங்களுக்கு நாம் சென்றபோதெல்லாம், கடன், தவணை பற்றிய பேச்சு முடிந்தபின் தயக்கத்துடன் ஒரு கேள்வி எழுவதுண்டு: “உல்லன் பின்னல் கற்க ஆசை. எந்த ஊசி வாங்க வேண்டும்? முதலில் எதைப் பின்னலாம்?” இக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னல் என்பது யாது?

நெசவு நம் பகுதிக்குப் புதிதன்று. சின்னாளபட்டித் தறிகளில் பாவும் ஊடையும் நெடுக்கும் குறுக்குமாக ஓடித் துணியாவதை அனைவரும் கண்டிருக்கிறோம். பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து கண்ணியாகி, அக்கண்ணிக்குள் மற்றொரு கண்ணி நுழைந்து துணி வளர்கிறது. வாசகர் தாம் அணிந்திருக்கும் பனியனைச் சற்று இழுத்துப் பார்த்தால் இவ்வமைப்பு விளங்கும். திருப்பூரில் இயந்திரம் செய்வதையே கையால் இரண்டு ஊசிகள் செய்கின்றன. 1589-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் பின்னல் பொறியை அமைத்தபோது, கை ஊசியின் செயலையே பொறிக்குக் கற்பித்தார்.

கைப்பின்னலில் இரு வகை உண்டு. இரண்டு ஊசிகளால் பின்னுவது ஒன்று. இதில் ஒரு வரிசையின் கண்ணிகள் யாவும் ஊசியிலேயே இருக்கும். துணி நன்கு இழுபடும். ஆனால் ஒரு கண்ணி நழுவினால் ஏணிபோலக் கீழே பிரிந்துவிடும். முனை வளைந்த குரோஷா ஊசி ஒன்றால் பின்னுவது மற்றொன்று. இதில் பெரும்பாலும் ஒரு கண்ணியே ஊசியில் நிற்பதால் பிழையை எளிதில் திருத்தலாம், துணி தடித்திருக்கும், நூல் சற்று மிகுதியாகச் செலவாகும். புதிதாகத் தொடங்குவோர் குரோஷாவில் தொடங்குதல் நலம். ஒயர் கூடை பின்னிப் பழகிய கைகளுக்கு இது விரைவில் படியும்.

எண்ணை நம்பி ஏமாற வேண்டா

கருவி வாங்குவதில் நேரும் பெரும் பிழையை ஒரு நிகழ்ச்சியால் விளக்குவோம். நாம் அறிந்த பெண்மணி ஒருவர், கொடைக்கானலில் வாழும் தம் பேரனுக்கு ஒரு சுவெட்டர் பின்ன விரும்பினார். அமெரிக்க முறையில் எழுதப்பட்ட மாதிரி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் எட்டாம் எண் ஊசி என்றிருந்தது. அவரும் கடையில் எட்டாம் எண் ஊசியையே கேட்டு வாங்கினார். ஒரு மாதம் உழைத்து முடித்த சட்டை குழந்தையின் தலையில் நுழையவில்லை.

பிழை அவருடைய கையில் இல்லை. அமெரிக்க எட்டாம் எண் ஊசியின் குறுக்களவு 5 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் முறையில் எட்டாம் எண் என்பது 4 மில்லிமீட்டர். மேலும், பிரிட்டிஷ் முறையில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: பத்தாம் எண் 3.25 மில்லிமீட்டர், பதினான்காம் எண் 2 மில்லிமீட்டர். அமெரிக்க முறையிலோ எண் கூடக்கூட ஊசி தடிக்கும். ஆகவே கடையில் எண்ணைக் கேளாமல் மில்லிமீட்டரைக் கேட்பதே முறை.

இதற்கு ஓர் எளிய சாதனம் அளவுத் தகடு. ஓர் உலோகத் தகட்டில் 2, 2.5, 3, 3.5, 4, 5 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, அருகே அளவைப் பொறித்தால் போதும். 4 மில்லிமீட்டர் துளையில் நுழைந்து 3.5-இல் நுழையாத ஊசியைத் தேவைக்கு 4 மில்லிமீட்டர் ஊசியாகக் கொள்ளலாம். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்யும் கைகளுக்கு இத்தகடு ஒரு பொழுது வேலையும் ஆகாது. ஊருக்கு ஒரு தகடு இருந்தால் அனைவருக்கும் பயன்படும்.

ஊசியையும் விலை கொடுத்தே வாங்க வேண்டும் என்பதில்லை. நன்கு உலர்ந்த மூங்கிலைப் பிளந்து, ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவாக நறுக்கி, சீராகச் சீவி, உப்புக் காகிதத்தால் வழவழப்பாகத் தேய்த்தால் நல்ல ஊசி கிடைக்கும். இரு ஊசிகளும் ஒரே தடிமன் உடையனவா என்பதைத் தகட்டில் சரிபார்க்க வேண்டும். சைக்கிள் சக்கரக் கம்பி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. முனைகளை அராவி மழுக்கினால் மெல்லிய நூலுக்கு அதுவும் உதவும்.

நூல் நம் வாசலிலேயே

கடையில் உல்லன் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி ஆட்டு ரோமம் அன்று; அக்ரிலிக் என்னும் செயற்கை இழையே. மலைக்குளிருக்கு அது ஏற்கலாம். நம் சமவெளி வெயிலுக்குப் பருத்தியே உகந்தது. நூற்பாலைகள் நிறைந்த இம்மாவட்டத்தில் பருத்தி நூலைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஆலை நூல் மெல்லியது. அதைப் பல இழைகளாகச் சேர்த்தே பின்ன வேண்டும். நூலின் நம்பர் என்பது, ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதைக் குறிக்கும். எனவே நம்பர் கூடக்கூட நூல் மெலியும். பத்தாம் நம்பர் நூலில் 100 கிராமுக்குச் சுமார் 1,690 மீட்டர் இருக்கும். எட்டு இழைகளைச் சேர்த்தால் 100 கிராமுக்குச் சுமார் 210 மீட்டர் நீளமுள்ள பின்னல் நூல் ஆகும். இதற்கு 4 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும். இருபதாம் நம்பர் நூலாயின் பதினாறு இழைகள் சேர்த்தால் அதே தடிமன் கிட்டும். கோன் நூலைக் கிலோக் கணக்கில் வாங்க வேண்டியிருப்பதால், பலர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்வதே சிக்கனம்.

முதலில் எதைப் பின்னுவது?

முதல் வேலை, சூடான பாத்திரம் பிடிக்கும் துணி. சதுரமாகப் பின்னினால் போதும்; சற்றுக் கோணினாலும் கேடில்லை. இதைப் பருத்தியில் மட்டுமே செய்ய வேண்டும். அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, சந்தைப் பை. மூன்றாவது, பச்சிளங் குழந்தையின் தொப்பி. இதற்கு அளவு இன்றியமையாதது. முதலில் ஒரு சாண் அகலத்திற்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து உலர்த்தி, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் உள்ளன என்று எண்ண வேண்டும். பருத்தி துவைத்தபின் சுருங்கக்கூடுமாதலால் துவைக்குமுன் எண்ணுவது பயன்படாது.

பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை இருக்கும். தொப்பி இழுபடுமாதலால் 30 சென்டிமீட்டருக்குப் பின்னலாம். மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகள் எனில், 60 கண்ணிகள் தேவை. 18 கண்ணிகள் எனில் 54 போதும். இரண்டாமவர் கணக்குப் பாராமல் 60 கண்ணிகள் இட்டால், தொப்பி மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெருத்துக் குழந்தையின் கண்ணை மறைக்கும். 14 சென்டிமீட்டர் உயரம் பின்னியபின், எல்லாக் கண்ணிகளிலும் நூலைக் கோத்து இறுக்கி முடிந்து, ஓரங்களைத் தைத்துவிடலாம். 30 கிராம் நூல் போதும். பொத்தான், குஞ்சம், தொங்கும் கயிறு ஆகியவற்றை வைத்தல் கூடாது. அவை குழந்தையின் வாயிலோ கழுத்திலோ சிக்கக்கூடும்.

எடை குறைந்து பிறக்கும் குழந்தையின் உடல், தலைவழியே விரைவில் வெப்பத்தை இழக்கிறது. தாயின் மார்போடு அணைத்து வைக்கும் முறையிலும் குழந்தைக்குத் தொப்பி அணிவிக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைக் கலந்துகொண்டு இத்தொப்பிகளை அளிக்கலாம். எப்போது அணிவிப்பது, எப்போது கழற்றுவது என்பதை அவர் சொற்படியே செய்ய வேண்டும்.

வருமானம் எவ்வளவு?

கூட்டத்தில் இருக்கும் ஆண்மக்கள் உடனே கேட்பது இது. உண்மையைக் கூறிவிடுவோம். பல நாட்கள் உழைத்துக் கையால் பின்னிய சட்டை, இயந்திரச் சட்டையோடு விலையில் போட்டியிட முடியாது. ஒருசிலர் தேர்ந்து விற்கலாம். எல்லோருக்கும் அது பிழைப்பாகும் என்று வாக்களிப்பது தவறு.

அத்தவற்றை நாமே செய்ததுண்டு. முன்னர்ப் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் பெண்கள் ஊசியும் சொல்லித்தர ஓர் ஆளும் கேட்டார்கள். நாமோ வருமானத்தை எண்ணி இரண்டு பின்னல் இயந்திரங்களுக்கு ஏற்பாடு செய்தோம். பழுது பார்ப்பார் இன்றி அவை ஓராண்டுக்குள் சாக்குக்கு அடியில் முடங்கின. கேட்டதைக் கொடுத்திருந்தால் அவ்வூரில் இன்றும் பின்னல் நடந்துகொண்டிருக்கும்.

மாலையில் தேநீர்க் கடையில் அமர்ந்து பேசும் ஆண்மகனிடம் அப்பேச்சினால் வருமானம் என்னவென்று எவரும் கேட்பதில்லை. நாள் முழுவதும் களத்திலும் அடுப்படியிலும் உழைத்த பெண் ஒரு மணி நேரம் தமக்கு விருப்பமான வேலையில் அமர்ந்தால் மட்டும் கணக்குக் கேட்பது நியாயமன்று. அந்த ஒரு மணி நேரத்தில் மனம் அமைதியுறுகிறது. அண்டை வீட்டாரின் சுகதுக்கம் தெரிகிறது. கணக்குப் போடும் பழக்கமும் வளர்கிறது.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

பெருஞ்செலவு தேவையில்லை. நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள ஓர் அறையை வாரத்தில் இரு பிற்பகல்களுக்கு ஒதுக்குவது முதலாவது. ஓர் அளவுத் தகடு, ஓர் அளவு நாடா, பல அளவுகளில் சில இணை ஊசிகள் ஆகியவற்றைப் பொதுவில் வைப்பது இரண்டாவது. நூலைக் கூட்டாக வாங்க வழி செய்வது மூன்றாவது. ஊரிலோ அண்டை ஊரிலோ பின்னல் அறிந்த மூதாட்டி ஒருவர் இருப்பார்; அவரை மதிப்போடு அழைத்து வருவது நான்காவது. இந்நான்கனுள் இதுவே தலையாயது. ஊசி கைக்கு வந்தபின்னும் கேள்விகள் எழும். விடை சொல்ல ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதனைப் பேசுங்கள். பேசுமுன், பின்ன விரும்பும் பெண்களுக்கு வேண்டியது என்னவென்று அவர்களையே கேளுங்கள்.