பெருக்கலும் ஒரு தீர்ப்பும்

பூவா தலையா என்று சிறுவர் நாணயத்தைச் சுண்டுவர். விழுவது இன்னதென முன்கூட்டியே உரைக்க வல்லார் எவரும் இலர். ஆயினும், இரண்டிற்கும் வாய்ப்பு ஒன்றே என்பதை யாவரும் அறிவர். இவ்வாய்ப்பை எண்ணால் அளந்து கூறுவதே நிகழ்தகவு. தலை விழுவதன் நிகழ்தகவு 1/2. ஆறு முகங்களையுடைய பகடையில் 5 விழுவதன் நிகழ்தகவு 1/6. ஒரு நிகழ்ச்சியின் வாய்ப்பை அளத்தல் எளிது. இரண்டை இணைத்து அளக்கும்பொழுதுதான் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அதற்குரிய விதிகள் இரண்டு.

முதலாவது கூட்டல் விதி. பகடையை ஒருமுறை உருட்டினால் 2 அல்லது 5 விழுவதன் நிகழ்தகவு யாது? இரண்டும் ஒருங்கே விழமாட்டா. ஆதலின் 1/6, 1/6 ஆகியவற்றைக் கூட்டி 1/3 என்று கூறலாம். ஆனால், இரட்டை எண்ணோ 3-க்கு மேற்பட்ட எண்ணோ விழ வேண்டுமெனின், வெறுங்கூட்டல் பிழைபடும். இரட்டை எண்கள் 2, 4, 6. மூன்றிற்கு மேற்பட்டவை 4, 5, 6. இங்கு 4, 6 என்பவை இருமுறை எண்ணப்படுகின்றன. ஆகவே 3/6, 3/6 ஆகியவற்றின் கூட்டுத்தொகையிலிருந்து 2/6-ஐக் கழித்தல் வேண்டும். விடை 4/6, அஃதாவது 2/3.

இரண்டாவது பெருக்கல் விதி. நாணயத்தில் தலையும் பகடையில் 5-உம் சேர்ந்து விழுவதன் நிகழ்தகவு, 1/2-ஐ 1/6-ஆல் பெருக்க வரும் 1/12. நாணயம் பகடையைச் சாராது. பகடையும் நாணயத்தைச் சாராது. ஆதலின் இப்பெருக்கல் பொருந்தும். ஆனால், 3 செம்மணிகளும் 2 கருமணிகளும் உள்ள பையிலிருந்து, எடுத்ததைத் திரும்ப இடாமல், இரு மணிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பதாகக் கொள்வோம். முதலில் செம்மணி வருவதன் நிகழ்தகவு 3/5. அது வந்தபின் எஞ்சிய நான்கில் செம்மணிகள் இரண்டே. ஆகவே அடுத்ததன் நிகழ்தகவு 2/4. இரண்டும் செம்மணிகளாதல் 3/10 ஆகும். 3/5-ஐ இருமுறை பெருக்குபவன் 9/25 என்னும் தவறான விடையையே அடைவான்.

இத்தவறு ஏட்டளவில் நிகழ்ந்தால் இழப்பு ஒரு மதிப்பெண்ணே; நீதிமன்றத்தில் நிகழ்ந்தால்?

இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்னும் வழக்கறிஞரின் இரு குழந்தைகள், 1996-இல் ஒன்றும் 1998-இல் மற்றொன்றுமாக, பிறந்த சில வாரங்களில் திடீரென இறந்தன. தாயே கொன்றாள் என்று வழக்குத் தொடரப்பட்டது. அத்தகைய குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் புலப்படாமல் திடீரென இறப்பதற்கு 8,543-இல் ஒரு வாய்ப்பே உண்டு என்றார் சாட்சியாக வந்த மருத்துவ அறிஞர் ஒருவர். அவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, இருவரும் அவ்வாறு இறப்பதற்கு ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒரு வாய்ப்பே உண்டு என்றும் கூறினார். 1999-இல் அத்தாய்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

உடன்பிறந்த இருவரின் இறப்பு, நாணயமும் பகடையும் போல ஒன்றையொன்று சாராதது எனல் பொருந்துமா? இருவரும் ஒரே குருதியினர். ஒரே வீட்டில் வளர்ந்தவர். ஒருவரைத் தாக்கிய குறை மற்றவரிடமும் இருந்திருக்கக் கூடும். அப்பெருக்கலுக்கு அடிப்படையில்லை என்று 2001-இல் அந்நாட்டின் அரச புள்ளியியல் கழகம் எடுத்துரைத்தது. முன்னர் வெளியிடப்படாதிருந்த மருத்துவச் சோதனை முடிவுகளும் வெளிவந்தன. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையில் வாடிய அவர், 2007-இல் காலமானார்.

கூட்டுவதற்கு முன், 'இவை ஒருங்கே நிகழுமா?' என்று வினவுதல் வேண்டும். பெருக்குவதற்கு முன், 'இவை ஒன்றையொன்று சாருமா?' என்று வினவுதல் வேண்டும். இவ்விரு வினாக்களையும் மறவாதவனே நிகழ்தகவைக் கற்றவன் ஆவான்.