தாத்தாவின் அம்பாசிடரும் ஓம் விதியும்

சென்ற விடுமுறையில் தோழி ஒருத்தியின் தாத்தா, தம் பழைய அம்பாசிடர் காரில் எங்கள் நால்வரையும் கல்லணைக்கு அழைத்துச் சென்றார். ஸ்ரீரங்கத்துக்குத் திரும்புகையில் இருட்டிவிட்டது. முன்விளக்குகள் அகல் விளக்குகளாய் மினுக்கின. முன்னே வைக்கோல் ஏற்றிப் போன மாட்டு வண்டி, மிக அருகில் வந்த பிறகே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. தாத்தா அழுத்திய பிரேக்கில், இரண்டு முழ தூரத்தில் கார் நின்றது. சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மறுநாள் வந்த மெக்கானிக், "100 வாட் பல்பு போட்டால் பளிச்சென்று எரியும்" என்றார். தாத்தாவும் இசைந்துவிட்டார். "முதலில் அளந்து பார்த்துவிடலாம், தாத்தா" என்று தோழிதான் தடுத்தாள். ஓம் விதியை அப்போதுதான் வகுப்பில் படித்திருந்தோம்.

விளக்கை எரியவிட்டு மீட்டரை வைத்தோம். பேட்டரியில் 12.2 வோல்ட், பல்பின் முனையில் 10.1 வோல்ட்! இடையில் 2.1 வோல்ட் எங்கே போயிற்று?

மின்னோட்டம் செல்லும் வழியைக் காண்போம். பேட்டரியில் புறப்பட்டு, டாஷ்போர்டு சுவிட்சுக்குச் சென்று, காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சைக் கடந்து, மீண்டும் முன்பக்கம் வந்து விளக்கை அடைகிறது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவது போல, வந்த 10 ஆம்பியர் இரு விளக்குகளுக்கும் ஐந்தைந்தாகப் பிரிகிறது. ஆனால் ஆற்றுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆறு குடகுக்குத் திரும்புவதில்லை. மின்னோட்டமோ பேட்டரிக்குத் திரும்பியே ஆகவேண்டும். காரில் அதற்குத் தனி ஒயர் கிடையாது. காரின் இரும்பு உடலே திரும்பும் வழி. இதைத்தான் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். இழந்த 2.1 வோல்ட்டில் 0.6 வோல்ட், விளக்கின் எர்த் திருகில் ஏறியிருந்த துருவிலேயே போயிருந்தது. மற்றது மெல்லிய ஒயரிலும் தேய்ந்த சுவிட்சுகளிலும் போயிற்று.

1827இல் இவ்விதியை வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், அதற்கு முன் கொலோன் நகரில் முன்பு இயேசு சபையார் நடத்திய பழைய பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அவர் கணக்கின்படி 2.1ஐ 10ஆல் வகுத்தால் மின்தடை 0.21 ஓம். அற்பமாகத் தோன்றுகிறதல்லவா? ஆனால் அதனால் 21 வாட் வீணாக வெப்பமாகிறது. பல்பின் ஒளியும் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் இழையின் ஒளி அதைவிட அதிக விகிதத்தில் குறையும்.

100 வாட் பல்புகளைப் போட்டிருந்தால்? இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 16.7 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே ஒயரில் 2.8 மடங்கு வெப்பம்! பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தபோது எங்களுக்குத் திக்கென்றது. பியூஸுக்குப் பதிலாக யாரோ வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஒயர் உருகினாலும் அது அறுந்திருக்காது.

எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு ரிலே பொருத்தினோம். மதகின் ஷட்டரைத் திருப்புபவர் ஆற்று நீரைச் சுமப்பதில்லை, ரிலேயும் அப்படியே. பழைய சுவிட்ச் வழியே கால் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டம் சென்று, ரிலேயின் கம்பிச்சுருளைக் காந்தமாக்குகிறது. காந்தம் உள்ளிருக்கும் தொடுமுனையை இழுத்ததும், பேட்டரியிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 10 ஆம்பியரும் நேரே விளக்குக்குப் பாய்கிறது. பேட்டரியின் அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் வைத்தோம். எர்த் திருகை உப்புத்தாளால் தேய்த்துப் புது ஒயர் கொடுத்தோம். பல்பு பழைய 60 வாட் பல்புதான்.

மீண்டும் அளந்தபோது பல்பில் 11.8 வோல்ட் இருந்தது. அன்றிரவே அம்மா மண்டபம் சாலையில் ஓட்டிப் பார்த்த தாத்தா, "கண் ஆபரேஷன் செய்துகொண்டது போல இருக்கிறதே!" என்றார்.

அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆனாலும் தாத்தாவுக்குத் தம் காரை விற்க மனமில்லை. கழற்றிய துருப்பிடித்த திருகையும் கருகிய ஒயரையும் சிஸ்டரிடம் கொடுத்தோம். இயற்பியல் ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில், மீட்டர் பாலத்துக்குப் பக்கத்தில் அவற்றைக் காணலாம்.