காலுக்கேற்ற செருப்பு: கையிலுள்ள பற்றரிக்குப் பொருந்தும் காற்று ஊதியைத் தெரிவுசெய்தல்

செருப்புக்காகக் காலைத் தறிப்பார் இல்லை. ஆனால் கருவி வாங்கும்போது நம்மில் பலர் அதைத்தான் செய்கிறோம். கையில் இருக்கும் பற்றரியை ஒதுக்கிவிட்டு, புதுக் கருவிக்காகப் புதுப் பற்றரி, புது சாஜர் என்று மேலும் மேலும் வாங்குகிறோம். இடம்பெயர்ந்து, உள்ளதை எல்லாம் இழந்து, மீண்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்கும் குடும்பங்களுக்கு இது தாங்கக்கூடிய செலவு அல்ல. இப்பாடத்தில் இதனை ஆறுதலாகப் படிப்போம்.

இன்று பல குடும்பங்களில் பற்றரியில் இயங்கும் டிறில் மெசின் ஒன்று இருக்கிறது. மேசன் வேலைக்கோ தச்சு வேலைக்கோ போகும் மகன் வாங்கியிருப்பார். அல்லது வெளிநாட்டிலுள்ள உறவினர் வந்தபோது கொடுத்திருப்பார். வேலை இல்லாத நாட்களில் அதன் பற்றரிகள் சும்மா கிடக்கின்றன. அதே பற்றரியைக் கொண்டு காற்று ஊதி ஒன்றை இயக்கினால், உழுந்து, பயறு, எள்ளு தூற்றலாம்; களத்தைச் சுத்தம் செய்யலாம்; வளவுச் சருகை ஒதுக்கிக் கூட்டெருக் குழியில் சேர்க்கலாம்.

பொதுக்களம் ஒன்றுக்குக் கருவி வாங்கியபோது நாமே ஒருமுறை ஏமாந்தோம். எமது டிறில் மெசினில் 18 வோல்ற் பற்றரி இருந்தது. கடையில் பார்த்த ஊதியும் 18 வோல்ற். எண் ஒன்றாக இருந்ததால் ஊதியை மட்டும் தனியாக வாங்கி வந்தோம். களத்தில் வைத்துப் பார்த்தபோது பற்றரி பாதிவரை சென்று நின்றுவிட்டது. அடித்த உழுந்து தறப்பாளில் கிடந்தது. மாலையில் மழை வந்தது. ஈரம் பட்ட உழுந்து நிறம் மாறி விலை குறைந்தது. நட்டம் எங்களுக்கு மட்டுமல்ல, எங்களை நம்பி உழுந்தைக் கொண்டுவந்த நான்கு குடும்பங்களுக்கும்தான். அந்தத் தவறிலிருந்து கற்றவை கீழே தரப்படுகின்றன.

1. முதலில் தேவையைப் பார்ப்போம்

களம் வீட்டுக்கு அருகில் இருந்து, அங்கே மின்சாரமும் இருந்தால் பற்றரி ஊதி தேவைப்படாது. தூற்றுவதற்குச் சாதாரண நிலை விசிறியே போதும். அது நாள் முழுவதும் ஓடினாலும் மின்செலவு குறைவு. காற்று வீசும் காலமானால் சுளகும் காற்றும் போதும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பற்றரி ஊதி உதவுவது மூன்று நிலைமைகளில்: தோட்டம் வீட்டிலிருந்து தூரத்தில் இருக்கும்போது, மழைக்கு முன் அவசரமாகத் தூற்ற வேண்டியிருந்தும் காற்று இல்லாதபோது, பொருந்தும் பற்றரி ஏற்கெனவே கையில் இருக்கும்போது. இந்த மூன்றாவது நிலைமை இல்லாவிட்டால் இரண்டு முறை யோசியுங்கள். பல வேளைகளில் பற்றரியும் சாஜரும் சேர்ந்து வெறும் மெசினைவிடக் கூடிய விலையாகின்றன.

2. ஒவ்வொரு பற்றரிக்கும் ஒரு குடும்பம் உண்டு

டோர்ச் லைற் பற்றரியை எந்தக் கடையில் வாங்கினாலும் அளவு ஒத்த எந்த டோர்ச் லைற்றிலும் போடலாம். கருவிப் பற்றரி அப்படியல்ல. பெரும்பாலான கம்பனிகள் தமக்கென ஒரு வடிவம் வைத்திருக்கின்றன. ஒரே கம்பனிக்குள்ளும் ஒன்றோடொன்று சேராத பல குடும்பங்கள் உண்டு. சில உதாரணங்கள்:

மகிற்றா கம்பனியின் 18 வோல்ற் எல்.எக்ஸ்.ரி குடும்பம் 2005ஆம் ஆண்டில் வந்தது. அதே கம்பனியின் 40 வோல்ற் எக்ஸ்.ஜி.ரி கருவிகளுக்கு இந்தப் பற்றரி பொருந்தாது. அக்கம்பனி விற்கும் ‘ஜி’ வரிசைப் பற்றரியும் 18 வோல்ற்தான். ஆனால் அது எல்.எக்ஸ்.ரி கருவியில் ஏறாது.

பொஷ் கம்பனியின் நீல நிறக் கருவிகள் தொழிலாளருக்கானவை. பச்சை நிறக் கருவிகள் வீட்டுப் பாவனைக்கானவை. இரண்டிலும் 18 வோல்ற் உண்டு. நீலத்தின் பற்றரி பச்சைக்குப் பொருந்தாது.

டீவோல்ற் கம்பனியின் பற்றரியில் ஐரோப்பாவில் 18 வோல்ற் என்றும், வட அமெரிக்காவில் 20 வோல்ற் மக்ஸ் என்றும் எழுதியிருக்கும். எண் வேறானாலும் இவை ஒரே குடும்பம். ஒன்றின் பற்றரி மற்றதன் கருவியில் ஏறும்.

ஆகவே எண் ஒன்றாக இருந்தும் பொருந்தாமல் போகலாம். எண் வேறாக இருந்தும் பொருந்தலாம். கம்பனியின் பெயர், குடும்பத்தின் பெயர், வோல்ற் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

3. எழுத்தை வாசிப்போம்

லிதியம் பற்றரியினுள்ளே சிறிய கலங்கள் பல இருக்கின்றன. ஒரு கலத்தின் சராசரி அளவு 3.6 வோல்ற். ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ற். முழுதாக மின்னேற்றிய கலம் 4 வோல்ற்றுக்குச் சற்று மேலே நிற்கும். ஐந்தும் சேர்ந்தால் 20 அல்லது 21 வோல்ற். 18, 20, 21 என்று மூன்று விதமாக எழுதப்பட்ட பற்றரிகளில் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து கலத் தொடர்தான். எண் கூடியது என்பதற்காகக் கூடிய விலை கொடுக்க வேண்டாம்.

சந்தையில் மலிவான பற்றரிகள் சிலவற்றில் 48, 88, 128 போன்ற எண்களும் அவற்றின் பின்னே ‘வி.எஃப்’ என்ற எழுத்துகளும் காணப்படும். அந்த எண் வோல்ற் அல்ல. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அடுத்தது அம்பியர்-மணி. இது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு போன்றது. வோல்ற்றை அம்பியர்-மணியால் பெருக்கினால் வாற்-மணி வரும். 18 வோல்ற், 5 அம்பியர்-மணி என்றால் 90 வாற்-மணி. நல்ல பற்றரிகளில் இந்த வாற்-மணியும் அச்சிடப்பட்டிருக்கும். அதை அம்பியர்-மணியால் வகுத்துப் பாருங்கள். 90ஐ 5ஆல் வகுத்தால் 18 வருகிறது, கணக்குச் சரி. கணக்கு ஒத்துவராத பற்றரியை வாங்காதீர்கள்.

தராசும் உண்மை சொல்லும். 90 வாற்-மணி கொள்ளும் கலங்களுக்கு ஒரு பாரம் இருந்தே ஆகவேண்டும். 18 வோல்ற், 5 அம்பியர்-மணி என்று எழுதிய பற்றரி 400 கிராமுக்குக் குறைவாக நின்றால் அந்த எழுத்தை நம்ப வேண்டாம்.

4. எவ்வளவு நேரம் ஓடும்?

டிறில் மெசின் ஒரு துளைக்குச் சில செக்கன்களே ஓடுகிறது, பிறகு ஓய்கிறது. ஊதி அப்படியல்ல, விசையை அழுத்தியிருக்கும்வரை இடைவிடாது இழுக்கும். எனவே டிறில் மெசினுக்கு ஒரு நாள் முழுவதும் போதுமான பற்றரி, ஊதிக்குச் சில நிமிடங்களே வரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். முழு வேகத்தில் 450 வாற் இழுக்கும் ஊதி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

2 அம்பியர்-மணிப் பற்றரி (36 வாற்-மணி): ஏறத்தாழ 5 நிமிடம்.
5 அம்பியர்-மணிப் பற்றரி (90 வாற்-மணி): 12 நிமிடம்.

இதே ஊதியை 150 வாற் மட்டும் இழுக்கும் மெதுவான வேகத்தில் பிடித்தால், 5 அம்பியர்-மணிப் பற்றரி 36 நிமிடம் ஓடும். காற்றின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், காற்றுக்குக் கொடுக்கும் சக்தி பாதியாக அல்ல, எட்டில் ஒரு பங்காகவே குறைகிறது. தூற்றுவதற்கு மெல்லிய காற்றே வேண்டும். முழு வேகத்தில் பிடித்தால் பதரோடு பயறும் பறந்துவிடும். ஆகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய விசை உள்ள ஊதியையே தெரிவுசெய்யுங்கள். ஒரே வேகத்தில் மட்டும் ஓடும் ஊதி களத்துக்கு உதவாது.

சிறிய பற்றரியை முழு வேகத்தில் ஓட்டினால் இன்னொரு தீமையும் உண்டு. 450 வாற் இழுக்கும்போது 18 வோல்ற் பற்றரியில் 25 அம்பியர் ஓடும். ஐந்து கலங்கள் மட்டும் உள்ள பற்றரியில் அத்தனையும் ஒரே வரிசையின் ஊடாகச் செல்லும். பத்துக் கலங்கள் உள்ளதில் இரண்டு வரிசையாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் 12.5 அம்பியர் ஓடும். முன்னையது விரைவில் சூடேறும், ஆயுளும் குறையும்.

சில பெரிய ஊதிகள் ஒரே நேரத்தில் இரண்டு 18 வோல்ற் பற்றரிகளைக் கேட்கும். வீட்டில் ஒரே பற்றரி இருந்தால் அவை ஓடாது. இரண்டு இருந்தாலும், ஒன்று தீர்ந்ததும் வேலை நிற்கும்.

5. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி

கனடாவில் மின்சாரம் 120 வோல்ற். நமது நாட்டில் 230 வோல்ற். அங்கிருந்து வரும் சாஜர் 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்யப்பட்டிருந்தால், இங்கே செருகியதும் எரிந்துவிடும். சாஜரின் அடியில் ‘இன்புட்’ என்ற சொல்லுக்கு எதிரே 220-240 அல்லது 100-240 என்று இருந்தால் மட்டுமே செருகுங்கள். பற்றரிக்கு இந்தத் தேச வேறுபாடு இல்லை. பற்றரியையும் மெசினையும் அங்கிருந்து பெற்று, அதே குடும்பத்தின் 230 வோல்ற் சாஜரை இங்கே வாங்கலாம். இங்கிலாந்து, ஜெர்மனி, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் சாஜர் நமது மின்சாரத்துக்குச் சரி; செருகி மட்டுமே வேறுபடலாம்.

விமானத்தில் கொண்டுவருபவர்களுக்கும் ஒரு விதி உண்டு. தனிப் பற்றரிகளைக் கையில் கொண்டுசெல்லும் பையிலேயே வைக்க வேண்டும். அனுப்பும் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாற்-மணி வரையிலானவை பொதுவாக அனுமதிக்கப்படும். அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பனியின் அனுமதி வேண்டும். 18 வோல்ற், 5 அம்பியர்-மணி என்றால் 90, பிரச்சினை இல்லை. 6 அம்பியர்-மணி என்றால் 108; முன்னரே கேட்க வேண்டும். உறவினருக்குக் கடிதமோ செய்தியோ அனுப்பும்போது உங்கள் பற்றரியின் படத்தையும் அனுப்புங்கள். ‘ஏதாவது ஒரு ஊதி’ என்று கேட்காதீர்கள்.

6. கடையில் செய்யவேண்டியவை

அ. உங்கள் பற்றரியைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரரின் வார்த்தை போதாது, போட்டுப் பாருங்கள். ‘கிளிக்’ என்று பூட்டவேண்டும், ஆட்டினால் அசையக்கூடாது.

ஆ. ஓட்டிப் பாருங்கள். மெதுவாகவும் வேகமாகவும் இரண்டு நிமிடமாவது ஓடட்டும்.

இ. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பற்றரி இல்லாத வெறும் மெசின் விலை குறைவு. உங்களுக்கு வேண்டியது அதுவே.

ஈ. காற்றின் வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். குழாயின் வாய் ஒடுங்கினால் வேகம் கூடும். ஆனால் காற்றின் அளவு கூடாது. நிமிடத்துக்கு எத்தனை கன மீற்றர் காற்று என்பதையும் பாருங்கள். தூற்றுவதற்கு அகன்ற வாய் நல்லது.

உ. ஒரு கம்பனியின் பற்றரியை மற்றக் கம்பனியின் கருவியில் பொருத்தும் இடைத்துண்டுகள் விற்கப்படுகின்றன. பற்றரி அளவுக்கு மிஞ்சி வடியாமல் காக்கும் அமைப்பு சில குடும்பங்களில் பற்றரிக்குள்ளும், சிலவற்றில் கருவிக்குள்ளும் இருக்கிறது. இடைத்துண்டு போட்டால் அந்தக் காவல் இல்லாமல் போகலாம், பற்றரி கெட்டுவிடும். தவிர்ப்பதே நல்லது.

7. பாவனையும் பராமரிப்பும்

சூடான பற்றரியை உடனே சாஜரில் போடாதீர்கள், நிழலில் ஆறவிடுங்கள். தகரக் கூரையின் கீழும் வெயிலிலும் வைக்காதீர்கள். போகம் முடிந்து நீண்ட நாள் வைப்பதானால், பாதியளவு மின்னேற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். வீங்கிய, நசுங்கிய, வெள்ளத்தில் நனைந்த பற்றரியைப் பாவிக்க வேண்டாம். அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடவும் வேண்டாம்.

தூற்றும்போது தறப்பாளை விரித்து, காற்று வரும் பக்கம் நின்று, இரண்டு மூன்று அடி தூரத்திலிருந்து ஊதுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். பிள்ளைகளை எதிர்ப்பக்கம் நிற்க விடாதீர்கள். நீண்டகாலம் கைவிடப்பட்ட காணிக்குத் திரும்புவோர், கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிசெய்யப்படும்வரை சருகு ஒதுக்க அங்கே இறங்கவே வேண்டாம்.

கலந்துரையாடுவோம்

1. நமது கிராமத்தில் எத்தனை வீடுகளில் பற்றரிக் கருவிகள் உண்டு? அவை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை?

2. ஐந்து வீடுகள் ஒரே குடும்பத்துப் பற்றரியை வைத்திருந்தால், ஒரே ஊதியைப் பொதுவாக வாங்கி, அறுவடை நாளில் பற்றரிகளை மாறி மாறிக் கொடுத்து உதவ முடியாதா?

3. அவ்வாறு செய்தால் பழுதுக்கும் புதுப் பற்றரிக்கும் யார், எவ்வளவு கொடுப்பது? வாங்குமுன்னே எழுதி வைப்போமா?

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் பற்றரியைக் கொண்டுவாருங்கள். மேசையில் அடுக்கிப் பார்த்தால் யாருடையது யாருடையதோடு சேரும் என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு கடைக்குப் போவோம்.