காப்பித் தோட்டத்து ஓடைப் பாம்பு

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்து ஓடையோரம் ஒரு பாம்பு அடிக்கடி தென்படுகிறது. இரண்டடி இருக்கும். பழுப்பு நிறம், முதுகின் இருபுறமும் மஞ்சள் புள்ளிகள். தலை முக்கோணமாகத் தெரிவதால், பழம் பறிக்க வரும் பெண்கள் விரியன் என்று பயப்படுகிறார்கள். அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம், அடிக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது பெடோம் தண்ணீர்ப் பாம்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். விஷமில்லாதது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. சென்னை மாகாண வனத்துறையின் தலைவராயிருந்த ரிச்சர்டு ஹென்றி பெடோமின் பெயரை 1864இல் விலங்கியலாளர் குந்தர் இதற்கு வைத்தார். பழனி மலையின் பெயர் தாங்கிய, மண்ணுக்குள் வாழும் பாம்பு ஒன்றை அதற்கு முந்தைய ஆண்டே உலகுக்கு அறிவித்தவரும் அதே பெடோம்தான்.

தலையின் வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். மிரண்டால் தலையைப் பரத்திக் காட்டும் சாதுப் பாம்புகள் பல. சமவெளிக் குளங்களில் இருக்கும் தண்ணிப் பாம்பு கழுத்தையே விரித்து நல்ல பாம்பு போல நிமிர்ந்து நிற்கும். கண்ணைப் பாருங்கள், அதுவும் தள்ளி நின்று, கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி. உங்கள் ஓடைப் பாம்புக்குக் கண்மணி வட்டமாக இருக்கும். கண்ணிலிருந்து வாயோரம் வரை கறுப்பு விளிம்பிட்ட மஞ்சள் கோடு சாய்வாக இறங்கும். உதட்டுச் செதில்கள் மஞ்சளாக, இடையிடையே கறுப்புக் கோடுகளோடு இருக்கும். மலையிலுள்ள குழிவிரியன்களுக்குக் கண்மணி பூனைக்கு இருப்பது போல நெட்டுக்குத்தாக இருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சிறு குழியும் உண்டு.

சந்தேகம் தீராவிட்டால் விலகிப் போவதே சரி. யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டே தயாராகிறது. குழிவிரியன் அந்த நான்கில் இல்லை. அதனால் கடித்தது எது என்று தெரிவது மருத்துவருக்குப் பெரிய உதவி. ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் காட்டுங்கள். பாம்பைத் தேடிப் புதருக்குள் போகாதீர்கள்.

உங்கள் ஓடைப் பாம்பின் முக்கிய இரை தவளையும் தேரையும். அது உங்கள் ஓடையோரம் தங்கியிருக்கிறதென்றால் அங்கே தவளைகள் பிழைத்திருக்கின்றன. எனக்குக் கவலை பாம்பைப் பற்றியல்ல, பழ அறுவடை நாட்களைப் பற்றித்தான். தோலுரித்துக் கொட்டை கழுவிய தண்ணீரை நேரே ஓடையில் விட்டால் அது புளித்து நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும். தலைப்பிரட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். மருந்து தெளிப்பானை ஓடையில் கழுவுவதும் அதே கேடு. கழுவுநீருக்கு ஓடையிலிருந்து தள்ளித் தனிக் குழி வெட்டுங்கள். இந்த அறுவடைக்கு முன்பே செய்துவிட்டால் நல்லது.