செய்நிரல் எழுதும் மேசையை நமக்கேற்ப ஒழுங்குசெய்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாகக் கற்கும் எமது வகுப்பில் சென்ற தவணை மூவர் மூவராகச் சேர்ந்து ஒரு செயற்றிட்டம் செய்தோம். எமது குழுவுக்குக் கிடைத்தது நூலகத் தண்டப்பணக் கணக்கு. புத்தகத்தை எடுத்தவர் எத்தனை நாள் பிந்திக் கொடுத்தார், அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் பைதன் மொழியில் எழுதிய செய்நிரல் கணித்துச் சொல்ல வேண்டும். மொத்தம் அறுபது வரிகூட வராது.

ஒப்படைப்பதற்கு முதல் நாள் பின்னேரம் அதை ஓட்டிப் பார்த்தோம். ஓடவில்லை. "டெப் எரர்" என்று ஒரு வழு வந்தது. குறித்த வரியின் உள்தள்ளலில் டெப்பும் இடைவெளியும் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கின்றன என்பது அதன் பொருள். அந்த வரியைப் பார்த்தால் மேலே இருக்கும் வரிக்கு நேராகத்தான் நின்றது. ஒரு மயிரிழைகூட விலகவில்லை. மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். முதல் நாள் இரவு பென்ட்ரைவில் கோப்பை வீட்டுக்குக் கொண்டு போய் இரண்டு வரி சேர்த்தவள் எம்மில் ஒருத்தி. "நீ என்னத்தையோ செய்து பழுதாக்கிட்டாய், கவனமாச் செய்யேன்" என்று அவளிடம் சொன்னது நான்தான். அவள் பதில் சொல்லவில்லை.

அந்த வழுவைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். அடுத்த வருடம் இப்பாடத்தைத் தெரிவுசெய்யவிருக்கும் தங்கைமார் கணினிக் கூடத்தில் உட்கார்ந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இது என்பது என் எண்ணம்.

நாம் பயன்படுத்தும் செய்நிரல் தொகுப்பான் மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015 இல் அறிமுகப்படுத்திய விசுவல் ஸ்டூடியோ கோட். இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ், மக் மூன்றிலும் இயங்கும். நிறுவிய உடனேயே எழுதத் தொடங்கிவிடலாம் என்பதால் அதன் விருப்பத் தெரிவுகளை, அதாவது செட்டிங்ஸ் பக்கத்தை, நம்மில் பலர் திறந்தே பார்ப்பதில்லை. கொன்ட்ரோல் விசையையும் காற்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். பைல், பிரிபரன்சஸ், செட்டிங்ஸ் என்ற வழியாகவும் போகலாம். தெரிவுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மேலே ஒரு தேடற்பெட்டி இருக்கிறது. வேண்டிய சொல்லைத் தட்டச்சு செய்தால் போதும்.

முதலில் எமது வழுவைச் சொல்லிவிடுகிறேன். பைதனில் எந்த வரி எந்தக் கட்டத்துக்குள் அடங்குகிறது என்பதை உள்தள்ளலே தீர்மானிக்கிறது. வேறு பல மொழிகளில் அடைப்புக்குறி செய்யும் வேலையை இங்கு வரியின் தொடக்கத்திலுள்ள வெற்றிடம் செய்கிறது. அந்த வெற்றிடத்தை இரண்டு விதமாக இடலாம். இடைவெளி விசையை நான்கு முறை தட்டினால் அது நான்கு எழுத்துகள். டெப் விசையால் வரும் டெப் குறி ஒரே ஒரு எழுத்து. ஆனால் திரையில் அது எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது தொகுப்பானைப் பொறுத்தது. ஒன்று அதை நான்கு இட அகலத்தில் காட்டும், இன்னொன்று எட்டு இட அகலத்தில் காட்டும். ஆகவே கண்ணுக்கு நேராக நிற்கும் இரண்டு வரிகள் கணினிக்கு வேறு வேறாக இருக்கலாம். பைதன் 3 இப்படிப்பட்ட கலப்பை ஏற்பதில்லை. பைதன் எழுத்து நடைக்கான வழிகாட்டியான பெப் 8, ஒரு படிக்கு 4 இடைவெளி என்று பரிந்துரைக்கிறது.

கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பார்ப்பது? செட்டிங்ஸில் "ரென்டர் வைட்ஸ்பேஸ்" என்று தேடி, அதை "ஓல்" என்பதற்கு மாற்றினேன். உடனே ஒவ்வோர் இடைவெளியும் ஒரு சிறு புள்ளியாகவும் டெப் குறி ஓர் அம்பாகவும் தெரிந்தன. எங்கள் கோப்பு முழுவதும் புள்ளிகள். நடுவில் இரண்டு வரிகளில் மட்டும் அம்பு. கட்டளைப் பட்டியலை, அதாவது கொன்ட்ரோல், ஷிப்ட், பீ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியைத் திறந்து, "கன்வர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்" என்ற கட்டளையைக் கொடுத்தேன். அம்புகள் புள்ளிகளாயின. செய்நிரல் ஓடியது.

இனி வராமலிருக்க என்ன செய்வது? "டேப் சைஸ்" 4 ஆக இருக்க வேண்டும். "இன்சர்ட் ஸ்பேசஸ்" தெரிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்; அப்போது டெப் விசையை அழுத்தினாலும் இடைவெளிகளே விழும். இரண்டும் இத்தொகுப்பானில் ஏற்கனவே அப்படித்தான் இருக்கின்றன. இருந்தும் என்னை ஒரு நாள் முழுக்கக் குழப்பிய விடயம் ஒன்று உண்டு. தோழி வீட்டில் எழுதிய இன்னொரு கோப்பைத் திறந்து டெப் விசையை அழுத்தினால் அம்புதான் விழுந்தது. செட்டிங்ஸில் எல்லாம் சரியாகவே இருந்தது. காரணம் "டிடெக்ட் இன்டென்டேஷன்" என்ற மூன்றாவது தெரிவு. கோப்பைத் திறக்கும்போதே அதனுள் என்ன இருக்கிறது என்று பார்த்து, டெப் என்றால் டெப்பையே தொடர்வது அதன் வேலை. நாம் இட்ட விருப்பத்தை அது மீறிவிடும். இது குறை அல்ல. பிறர் எழுதிய கோப்பில் கை வைக்கும்போது அவருடைய முறையைக் கெடுக்காமலிருக்க உதவுகிறது. ஆனால் இது தெரியாதவருக்குத் தன் விருப்பத்தைக் கணினி மதிக்கவில்லை என்றே தோன்றும். திரையின் அடியிலுள்ள நிலைப்பட்டையைப் பாருங்கள். "ஸ்பேசஸ்: 4" என்றிருந்தால் இடைவெளி, "டேப் சைஸ்: 4" என்றிருந்தால் டெப். அந்த இடத்தில் அழுத்தியும் மாற்றிக்கொள்ளலாம்.

(பரீட்சைத் தாளில் டெப் விசை கிடையாது. அங்கு பேனையால் எழுதும் உள்தள்ளலைத் திருத்துபவர் கண்ணால்தான் அளப்பார். ஆகவே அங்கு கொஞ்சம் தாராளமாகவே தள்ளி எழுதுங்கள்.)

இப்போது தோழியின் பக்கத்துக்கு வருகிறேன். அந்த அம்புகள் எப்படி வந்தன என்று அவளிடம் கேட்டேன், இம்முறை கொஞ்சம் மெதுவாக. வீட்டுக் கணினியில் அவள் நோட்பேடில்தான் எழுதுகிறாளாம். அதில் டெப் விசை உண்மையான டெப் குறியையே இடும். ஏன் நோட்பேட் என்று கேட்டதற்கு, "அதில எழுத்தப் பெரிசாக்கி வெச்சிருக்கேன், 28. இங்க இருக்கிறது எனக்குத் தெரியிறல்ல" என்றாள்.

அவள் கண்ணாடி அணிபவள். கண்ணாடி போட்டும் பார்வை முழுதாக இல்லை. அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்; ஆனால் முக்காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளியும் அவள் இடுவதை அதனோடு நாம் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கவனமில்லாதவள் என்றுதான் நினைத்தோம். தவணை முடிவில் பாடத்தை மாற்றிவிடலாமா என்று அவள் யோசித்திருக்கிறாள். விண்டோஸில் இத்தொகுப்பானின் எழுத்தளவு நிறுவும்போது 14. எனக்கு அது போதும். அவளுக்குப் போதாது. அவ்வளவுதான் விடயம்.

"பொன்ட் சைஸ்" என்று தேடி 24 என்று இட்டோம். வரிகள் திரைக்கு வெளியே ஓடின. "வேர்ட் ராப்" தெரிவை "ஒன்" ஆக்கினோம்; நீளமான வரிகள் மடிந்து அடுத்த வரியாகத் தெரிந்தன. கோப்பில் வரி உடைவதில்லை, திரையில் மட்டுமே மடிகிறது. ஓல்ட் விசையையும் இசட் விசையையும் சேர்த்து அழுத்தினாலும் இது மாறும். பிறகு "கேர்சர் விட்த்" என்பதைக் கூட்டினோம். தட்டச்சு செய்யும் இடத்தைக் காட்டும் கோடு தடித்தது. கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் தனக்குக் கலங்கலாகத் தெரிவதாகச் சொன்னாள். கொன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கே, அடுத்து ரீ என அழுத்தினால் நிறத்தோற்றங்களின் பட்டியல் வரும். அதில் ஒளிவேறுபாடு கூடிய வெள்ளைத் தோற்றம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவுசெய்தாள். நிறத்தோற்றங்களை மாற்றி மாற்றிப் பார்த்துப் பாடவேளையைக் கழிப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. அவற்றுள் ஒன்று ஒருத்திக்கு உண்மையாகவே தேவைப்படும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

ஆனால் அடுத்த நாள் அந்தக் கணினியில் 11ஆம் தர மாணவிகள் உட்கார்ந்தார்கள். "யார் இத இவ்ளோ பெரிசாக்கி வெச்சது?" என்று எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டார்கள். அவர்களில் பிழை இல்லை. பெருநாளுக்கு வந்த சாச்சி சமையலறைப் போத்தல்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனால் உம்மா ஒரு கிழமைக்கு மிளகைத் தேடிக்கொண்டிருப்பார். பொதுக் கணினியில் நாம் செய்வதும் அதுவே.

இதற்கு வழி செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருந்தது. அங்கு மேலே "யூசர்", "வேர்க்ஸ்பேஸ்" என இரு பிரிவுகள் உள்ளன. வேர்க்ஸ்பேஸைக் காண ஒரு கோப்புறையைத் திறந்திருக்க வேண்டும். யூசர் பிரிவில் மாற்றுவது அக்கணினியில் அதே பயனர் பெயரில் நுழையும் எல்லோருக்கும் பொருந்தும். வேர்க்ஸ்பேஸ் பிரிவில் மாற்றுவது அந்த ஒரு கோப்புறைக்கு மட்டுமே. இரண்டும் முரண்பட்டால் வேர்க்ஸ்பேஸே வெல்லும். அந்தத் தெரிவுகள் கோப்புறைக்குள்ளேயே, புள்ளியில் தொடங்கும் "விஎஸ்கோட்" என்ற பெயருடைய ஓர் உட்கோப்புறையில், ஒரு சிறு கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன. அதன் பொருளை யோசித்துப் பாருங்கள். கோப்புறை பென்ட்ரைவில் இருந்தால் தெரிவுகளும் பென்ட்ரைவில் இருக்கும். தோழி எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும், தன் கோப்புறையைத் திறந்தவுடன் எழுத்து 24 ஆகும், பின்னணி வெள்ளையாகும். எழுந்து போனால் அடுத்தவருக்கு 14. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. புதிய கணினியில் முதன்முறை திறக்கும்போது இக்கோப்புறையை எழுதியவரை நம்புகிறீர்களா என்று தொகுப்பான் கேட்கும். சொந்தக் கோப்புறைதானே, ஆம் என்று சொல்லலாம்.

அந்தச் சிறு கோப்பைக் கையாலும் எழுதலாம். ஜேசன் என்ற வடிவில், ஒரு பெயர், முக்காற்புள்ளி, ஒரு பெறுமானம் என வரிசையாக இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே காற்புள்ளி. நான் ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டேன். அடியில் சிவப்பு வளைகோடு வந்தது. அதைக் கண்டுபிடித்துக் காட்டியவள் 24 எழுத்தளவில் பார்த்துக்கொண்டிருந்த தோழி.

இன்னும் ஒரு தெரிவு. செய்நிரலைத் திருத்திவிட்டு, கீழேயுள்ள முனையத்தில் ஓட்டினால் பழைய விடையே வருகிறது என்று பலர் திகைப்பதைக் கண்டிருக்கிறேன். கோப்பு சேமிக்கப்படவில்லை; வட்டிலுள்ள பழைய பிரதிதான் ஓடியிருக்கிறது. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் மூடும் குறிக்குப் பதிலாக ஒரு வட்டப் புள்ளி இருந்தால் சேமிக்கவில்லை என்று அர்த்தம். "ஓட்டோ சேவ்" தெரிவு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். அதை "ஒன் ஃபோகஸ் சேஞ்ச்" என்று வையுங்கள். முனையத்தில் அழுத்தப் போகும் கணத்திலேயே கோப்பு சேமிக்கப்பட்டுவிடும். "ஆப்டர் டிலே" என்றால் தட்டச்சை நிறுத்தி 1000 மில்லிசெக்கனில், அதாவது ஒரு செக்கனில், சேமிக்கும். கரண்ட் போனால் என்னாகும் என்று கேட்பீர்கள். சேமிக்காத எழுத்தையும் இத்தொகுப்பான் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்து, மீண்டும் திறக்கும்போது பெரும்பாலும் தந்துவிடுகிறது. ஆனாலும் அதை நம்பி இருக்காதீர்கள்.

யாரோ எதையோ மாற்றிவிட்டுப் போன கணினியில் உட்கார நேர்ந்தால், தேடற்பெட்டியில் அட் குறியை இட்டு "மொடிபைட்" என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். மாற்றப்பட்டவை மட்டும் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள பற்சில்லுக் குறியை அழுத்தி, "ரீசெட் செட்டிங்" கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் மேலே எந்தப் பிரிவில் நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். வேர்க்ஸ்பேஸ் பிரிவில் இருப்பது வேறொருத்தியின் கோப்புறையாகவும் இருக்கலாம்.

செயற்றிட்டத்தை அடுத்த நாள் ஒப்படைத்தோம். இத்தவணை குழுவில் தட்டச்சு செய்பவள் அவள். நான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்கிறேன். சில வேளைகளில் முக்காற்புள்ளியை நான்தான் தவறவிடுகிறேன்.